கழலாத போல்ட்டு

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஒன்றுகூடல் விழாவில், இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் போன மாதம் போன் செய்து, "நீ ஏதாவது பேசணும்டா" என்றார். "என்ன பேச?" என்றேன். "உனக்குத் தெரிஞ்சதைப் பேசு, பத்து நிமிஷத்துல முடிஞ்சுடும்" என்றார். (சிரிப்பு) முப்பது வருஷத்துக்கு மேல் தூத்துக்குடியில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். இறுகிப்போன நட்டைக் கழற்றுவது. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும் தொழிற்சாலையில் கழற்றியதை அல்ல, வீட்டு வாசலில் சொந்தக் காருக்கு அடியில் படுத்துக் கழற்றியதை. பத்து நிமிஷத்துக்கு மேல் போனால் செயலாளர்தான் பொறுப்பு.

2003ல் நான் ஒரு பழைய மாருதி 800 வாங்கினேன். 1996ஆம் வருஷத்து வண்டி. 796 சி.சி. எஞ்சின், பன்னிரண்டு அங்குல சக்கரம், வெள்ளை நிறம். எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்த வண்டியைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 1983 டிசம்பரில் முதல் வண்டி வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. நடுவில் எத்தனை குடும்பங்களைச் சுமந்ததோ! இப்போதைய மாணவர்கள் அதைக் காட்சிப் பொருளாகப் பார்த்திருப்பீர்கள்.

அம்பாசடர் மாதிரி வண்டிகளில் முன்பக்க மூட்டுகளுக்கெல்லாம் கிரீஸ் நிப்பிள் உண்டு. சர்வீஸுக்கு விட்டால் கிரீஸ் கன்னை வைத்து அடித்து விடுவார்கள். பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும், கூடவே தண்ணீரும் மண்ணும் வரும். அழுக்கான வேலை, ஆனால் அந்த மூட்டு துருப்பிடிக்காது. மாருதியில் அந்த வேலை இல்லை. எல்லாம் ரப்பர் புஷ், ரப்பர் உறை போட்டு மூடின பால் ஜாயின்ட். பத்து வருஷம் நாம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். பத்து வருஷம் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதுதான் கதை.

இன்னொரு விஷயம் ஊர். தூத்துக்குடியில் உப்பளங்கள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். உப்பு லாரி போகிற சாலையில் தினமும் வேலைக்குப் போய் வந்தவன் நான். மழை நாளில் சாலையில் தேங்குகிற தண்ணீரை வாயில் விட்டால் கரிக்கும் என்று சும்மா சொல்வோம். அந்தத் தண்ணீர்தான் காருக்கு அடியில் தெறிக்கிறது. மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கீழே குனிந்து பார்த்தால் செங்கல் பொடி மாதிரி உதிரும்.

2006ல் வண்டி ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது "டக்" என்று ஒரு சத்தம் கொடுக்க ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கும் நிலையில்லாமல் இழுத்தது. இடது முன் சக்கரத்தில் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டும் புஷ்ஷும் தேய்ந்துவிட்டன. புது லோயர் ஆர்ம் முழுசாகவே கடையில் கிடைக்கும். பழையதைக் கழற்றிப் புதிதைப் போட வேண்டும். பட்டறையில் விட்டால் ஒரு நாள் வேலை. நான் என்ன நினைத்தேன்? நாம் மெக்கானிக்கல் என்ஜினியர், தினமும் பத்து டன் பம்பைக் கழற்றிப் பூட்டுகிறவர், இதற்குப் போய்க் கூலி கொடுப்பதா என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்துவிட்டு ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும் என்று மனைவியிடம் சொன்னேன். எந்த மதியம் என்று நான் சொல்லவில்லை.

கழற்றுவதற்கு முன்னால் ஏன் இறுகுகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் தூங்க வேண்டாம், இது பரீட்சைக்கு வராது.

இரும்பு துருவானால் அதன் பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் ஆகிறது. வெளியில் இருக்கிற துரு உதிர்ந்துவிடும். மரைக்கு உள்ளேயோ, ஒரு துளைக்கும் அதனுள் செருகின போல்ட்டுக்கும் நடுவிலேயோ உண்டாகிற துருவுக்கு உதிர இடமில்லை. அது ஆப்பு வைத்த மாதிரி இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு நிற்கும். நாம் ஸ்பேனரால் நட்டைத் திருப்பும்போது நட்டோடு சண்டை போடுவதாக நினைக்கிறோம். உண்மையில் அந்த ஆப்போடு சண்டை போடுகிறோம். அதனால் வெறும் பலத்தைக் கூட்டுவதைவிட அந்தத் துருவை நொறுக்குவதுதான் வழி. எண்ணெய், அதிர்ச்சி, சூடு என்று எதை எடுத்தாலும் கடைசியில் அதற்குத்தான்.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். மண்ணெண்ணெய், டீசல், பிரேக் ஆயில் என்று எல்லாம் பார்த்தாயிற்று. டப்பாவில் வருகிற டபிள்யூ.டி. நாற்பது எல்லோருக்கும் தெரியும். அது 1953ல் அமெரிக்காவில் சான் டியாகோவில் உண்டானது. ராக்கெட் உடம்பில் ஈரம் தங்காமல் விரட்டுவதற்காகச் செய்தது, நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் அந்தப் பெயர். மரைக்குள் ஊடுருவுவதற்கென்றே தனியாக விற்கிற எண்ணெய்கள் அதைவிட ஆழமாகப் போகும் என்பது என் அனுபவம். எதுவானாலும் மருந்தைவிடப் பத்தியம் முக்கியம். முதலில் கம்பி பிரஷ் வைத்து வெளித்துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். துருவின் மேல் எண்ணெய் விட்டால் துருதான் குடிக்கும். பிறகு வெள்ளி இரவு ஒரு தடவை, சனி காலை ஒரு தடவை, சனி இரவு ஒரு தடவை விட வேண்டும். ஒவ்வொரு தடவையும் சின்னச் சுத்தியலால் போல்ட்டுத் தலையில் நாலு தட்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே இறங்கும். ஞாயிறு காலையில் எண்ணெய் விட்டு ஐந்து நிமிஷத்தில் ஸ்பேனரைப் போடுகிறவர்கள் எண்ணெய்க் கம்பெனிக்குத்தான் உதவி செய்கிறார்கள். 2006ல் நானும் அதைத்தான் செய்தேன்.

ஸ்பேனரைப் போட்டதும் எடுத்த எடுப்பில் கழற்றுகிற பக்கம் இழுக்காதீர்கள். கொஞ்சம் முறுக்குகிற பக்கம் ஒரு நூல் அசைத்துப் பாருங்கள். அப்புறம் இந்தப் பக்கம். "டிக்" என்று ஒரு சின்ன ஓசை வந்தால் துரு முறிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகும் ஒரேயடியாகக் கழற்றக்கூடாது. அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, எண்ணெய், திரும்ப அரைச் சுற்று. ஓசை வராமல் பஞ்சு மாதிரி மெதுவாகத் திரும்பினால் உடனே நிறுத்த வேண்டும். நட்டு திரும்பவில்லை, போல்ட்டு முறுக்கேறி அறுந்துகொண்டிருக்கிறது. இந்த வித்தியாசம் கைக்குத்தான் தெரியும். இப்போது பேட்டரியில் ஓடுகிற இம்பாக்ட் ரெஞ்சு வந்துவிட்டது. ரொம்ப நல்ல சாதனம், நானும் வைத்திருக்கிறேன், ஆனால் அதற்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஓப்பன் ஸ்பேனரை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். ஆறு முனை உள்ள பாக்ஸ் ஸ்பேனர்தான் வேண்டும். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் துருப்பிடித்த தலையில் வழுக்கி, மூலைகளைத் தேய்த்து உருண்டையாக்கிவிடும். தலை உருண்டையானால் உங்கள் தலையெழுத்தும் போயிற்று.

அன்று முதலில் வந்தது டை ராட் எண்டு. ஸ்டீயரிங்கிலிருந்து வருகிற கம்பியின் முனை. அதன் தண்டு கூம்பு வடிவம், நக்கிளில் இருக்கிற துளையும் கூம்பு. நட்டைக் கழற்றிவிட்டால் தானாக விழும் என்று முதல் தடவை எல்லோரும் நினைப்பார்கள். விழாது. கூம்பின் சாய்வு ரொம்பக் குறைவு. உராய்வே அதைப் பூட்டி வைத்திருக்கும். இரண்டாம் ஆண்டு மெக்கானிக்ஸ் வகுப்பில் உராய்வுக் கோணம் என்று படித்தோமே, அதேதான். அதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய சார் இதோ முன் வரிசையில் இருக்கிறார். சார், அன்று எனக்குப் புரியவில்லை. காருக்கு அடியில் படுத்திருந்தபோது புரிந்தது.

இங்கே எல்லோரும் செய்கிற தப்பு, தண்டின் முனையில் கீழிருந்து மேலே சுத்தியலால் அடிப்பது. அடித்தால் மரை காளான் மாதிரி விரியும், கூம்பு அசையாது. கவைக்கோல் மாதிரி ஒரு ஆப்பைச் செருகி அடிப்பதும் உண்டு. அது கழற்றும், ஆனால் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். ஜாயின்ட்டையே மாற்றுவதானால் பரவாயில்லை. சரியான வழி, நட்டை முழுதாக எடுக்காமல் தண்டின் முனைக்குச் சமமாக நிறுத்திவிட்டு, தண்டைச் சுற்றியிருக்கிற நக்கிளின் கண்ணைப் பக்கவாட்டில் அடிப்பது. ஒரு பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரே இடத்தில் சுள்ளென்று அடிக்க வேண்டும். அந்த ஒரு கணம் வட்டமான துளை முட்டை வடிவமாகும், கூம்பு பிடியை விட்டுவிடும். நாலு அடி அடித்தேன், ஐந்தாவதில் "டொப்" என்று இறங்கியது. நட்டு தாங்கிக்கொண்டது. என் மகன் கைதட்டினான். அவன் அப்போது எட்டாம் வகுப்பு. ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது அவன் வேலை. அந்தக் கைதட்டல்தான் எனக்குத் தலைக்கேறியது என்று பிற்பாடு நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பால் ஜாயின்ட். மாருதியில் இது கூம்பு இல்லை. நேரான தண்டு, நக்கிளில் பிளவுள்ள ஒரு துளைக்குள் நிற்கும். குறுக்கே ஒரு போல்ட்டு அந்தப் பிளவை இறுக்கிப் பிடிக்கும். தண்டில் ஒரு காடி வெட்டியிருக்கும், போல்ட்டு அந்தக் காடி வழியாகத்தான் போகிறது. ஆகையால் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுதாக உருவி எடுக்க வேண்டும். இது தெரியாமல் அரை மணி நேரம் கடப்பாரை போட்டு நெம்பினவர்களை எனக்குத் தெரியும். போல்ட்டை எடுத்தபின் பிளவில் ஒரு மழுங்கின உளியை லேசாகத் தட்டி, முடி அளவுக்குப் பிளவைத் திறந்து எண்ணெய் விட வேண்டும். லேசாக என்று நான் சொன்னது லேசாகத்தான். ஓங்கி அடித்தால் நக்கிளில் விரிசல் விழும். லோயர் ஆர்ம் வாங்கப் போய் நக்கிளும் சேர்த்து வாங்கி வருவீர்கள். எனக்கு அது ஒன்றரை மணி நேரத்தில் இறங்கியது.

மீதி இருந்தது ஒரே போல்ட்டு. லோயர் ஆர்மின் உள்முனையில், வண்டியின் அடிச்சட்டத்தோடு புஷ்ஷைக் கோர்க்கிற போல்ட்டு. நட்டு எளிதாக வந்துவிட்டது. போல்ட்டு வரவில்லை. ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் திரும்புகிறது, விட்டால் பழையபடி வந்து நிற்கிறது. ஊஞ்சல் மாதிரி. விஷயம் என்னவென்றால், புஷ்ஷின் நடுவில் ஒரு எஃகுக் குழாய் உண்டு. பத்து வருஷ உப்புத் தண்ணீரில் போல்ட்டும் அந்தக் குழாயும் துருவால் ஒட்டி ஒன்றாகிவிட்டன. நான் திருப்பும்போது போல்ட்டும் குழாயும் சேர்ந்து சுழல்கின்றன, சுற்றியிருக்கிற ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பத் தள்ளுகிறது. இந்த நிலைமையில் எத்தனை பலம் கொடுத்தாலும் அது ரப்பருக்குத்தான் போகும், துருவுக்குப் போகாது. இப்போது இங்கே நின்று எவ்வளவு தெளிவாகச் சொல்கிறேன் பாருங்கள். அன்று மணி ஒன்று. வெயில். பசி. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான். "அப்பாவால முடியலையா?" என்று அவன் கேட்கவில்லை. கேட்டுவிடுவானோ என்று எனக்கு இருந்தது.

தெருமுனையில் ஒரு பட்டறை. அங்கே இருக்கிற அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்திருப்பார். மகனைக் கூட்டிக்கொண்டு போய், "அண்ணாச்சி, ஒரு மீட்டர் பைப் இருந்தா கொடுங்க" என்றேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். "பைப்பு எதுக்கு சார், அறுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. என்ஜினியர் கழற்ற வேண்டும், அறுக்கக்கூடாது. அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை, பைப்பை எடுத்துக் கொடுத்தார். மகனிடம் மட்டும், "லேய், கழட்டுன டயர எங்கல போட்டிருக்க?" என்றார். "செவத்துல சாத்தி வச்சிருக்கேன்." "அத எடுத்து வண்டிக்கு அடியில படுக்கப் போடுல. அப்பா சொன்னாலும் எடுக்காத" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். அவன் டயரை உருட்டிக்கொண்டு போய்க் கதவுக்குக் கீழே வண்டியின் அடியில் தள்ளினான். எனக்குப் படுக்க இடைஞ்சலாக இருந்தது. "வழியில கிடக்கே, எடுடா" என்றேன். "இருக்கட்டும்ப்பா, அண்ணாச்சி சொன்னாங்க" என்றான். எரிச்சலோடு விட்டுவிட்டேன்.

அன்று வண்டி நின்றிருந்த நிலையைக் கேளுங்கள். வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கி. கீழே சிமென்ட் தரை, ஆனால் வாசல் பக்கம் வாட்டம். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தேன், அதன் கேபிள் தொய்வு என்பது எனக்கே தெரியும். பின் சக்கரத்துக்குக் கல் வைக்கவில்லை. கட்டை எதுவும் இல்லை. தொழிற்சாலையில் யாராவது ஒரு தொழிலாளி சங்கிலி பிளாக்கில் தொங்குகிற சுமைக்குக் கீழே கையை நீட்டினால் அவருக்கு மெமோ கொடுக்கிறவன் நான். தினமும் காலை எட்டு மணிக்கு என் கையெழுத்து இல்லாமல் எந்த இயந்திரத்தையும் திறக்க முடியாது. அந்தக் கை வீட்டில் ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு வைக்கவில்லை.

முப்பது சென்டிமீட்டர் ஸ்பேனரில் நாற்பது கிலோ பலம் கொடுத்தால் பன்னிரண்டு கிலோ மீட்டர் முறுக்கு. அதே நாற்பது கிலோவை ஒரு மீட்டர் பைப்பில் கொடுத்தால் நாற்பது. நான் அந்தக் கணக்கை மட்டும்தான் போட்டேன். அந்த நாற்பது கிலோ இழுப்பு போல்ட்டை மட்டுமில்லை, வண்டியையும் இழுக்கிறது. அறுநூற்றைம்பது கிலோ வண்டி, ஒற்றைக் காலில் நிற்கிற ஜாக்கி, வாட்டமான தரை. இரண்டு கால்களையும் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தேன். மகன் கீழே உருண்டுபோன பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுக்கக் கையை நீட்டினான்.

வண்டி ஒரு சாண் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. சத்தம் பெரிதாகக்கூட இல்லை, "பொத்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டி அந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டது. பிரேக் டிஸ்க்குக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரற்கடை இடைவெளி. அவன் கை அந்த இடைவெளிக்குள் இருந்தது. மெதுவாக இழுத்தான், வந்துவிட்டது. புறங்கையில் ஒரு சிராய்ப்பு. அவன் அழவில்லை. நான்தான் ரொம்ப நேரம் எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

டயர் அங்கே இல்லாமலிருந்தால் என்று இதுவரை நான் முழுதாக யோசித்துப் பார்த்ததில்லை. பாதியில் நிறுத்திவிடுவேன். என் மனைவி வெளியே வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பழைய இரும்புக்காரருக்கு அந்தப் பைப்பைப் போட்டுவிட்டார். அது அண்ணாச்சியின் பைப் என்று சொன்னதற்கு, "புதுசு வாங்கிக் கொடுத்துக்கோங்க" என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் வண்டி அப்படியே நின்றது. நாலு பெரிய மரக்கட்டை அறுத்து வந்தேன். ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டு வாங்கினேன். அந்த ஸ்டாண்டு வாங்கின பணத்துக்கு அண்ணாச்சி இரண்டு பக்கமும் மாற்றிக் கொடுத்திருப்பார், அது வேறு விஷயம். வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, மற்ற மூன்று சக்கரத்துக்கும் கட்டை வைத்து, பானெட்டைப் பிடித்துப் பலமாக உலுக்கிப் பார்த்தேன். அசையாமல் நின்ற பிறகுதான் கீழே தலையை விட்டேன். டயரும் அடியில் கிடந்தது. மகன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், கிட்டே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பிறகு அண்ணாச்சி சொன்னபடி அறுத்தேன். புஷ்ஷுக்கும் அடிச்சட்டத்தின் காதுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் ஆக்ஸா பிளேடை மட்டும் விட்டு, ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. மூன்று பிளேடு தேய்ந்தது. ஒன்றேகால் மணி நேரம். ஆர்ம் கையோடு வந்துவிட்டது. எப்படியும் தூக்கிப் போடப் போகிற புஷ், எப்படியும் புதிதாகப் போட வேண்டிய போல்ட்டு. இதைக் காப்பாற்றத்தான் நான் ஒரு மீட்டர் பைப்பைத் தேடிப் போனேன்.

சூடு வைக்கலாமே என்று மெக்கானிக்கல் மாணவர்கள் கேட்பீர்கள். நல்ல கேள்வி. எஃகு ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு விரியும். பன்னிரண்டு மில்லிமீட்டர் துளையை இருநூறு டிகிரி சூடேற்றினால் 0.03 மில்லிமீட்டர் விரியும். ஒரு தாளின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு. துருவை விடுவிக்க அது தாராளமாகப் போதும். ஆனால் நட்டைச் சூடாக்க வேண்டும், போல்ட்டை அல்ல. வெறும் இரும்பும் இரும்பும் சேர்கிற இடத்தில் மட்டும் செய்யலாம். சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ், பால் ஜாயின்ட்டின் உறை, பிரேக் ஹோஸ், பக்கத்தில் எண்ணெய் நிரம்பின ஷாக் அப்சார்பர் என்று எரிகிற பொருள்கள்தான் அதிகம். ஷாக் அப்சார்பர் அடைத்த பாத்திரம், அதன் மேல் நெருப்புக் காட்டினால் வெடிக்கும். நெருப்பு காட்டுகிற இடத்தில் பிரேக் கிளீனர் அடித்திருக்கவும் கூடாது. குளோரின் கலந்த கிளீனர் நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும். முதல் உலகப் போரில் பயன்படுத்தின வாயு அது. இன்னொன்று, சஸ்பென்ஷன் போல்ட்டுகள் பக்குவப்படுத்தின எஃகு. தலையில் 8.8, 10.9 என்று போட்டிருக்கும். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எண்ணூறு நியூட்டன் தாங்கும், அதில் எண்பது சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்று பொருள். சிவக்கச் சூடாக்கினால் அந்தப் பக்குவம் போய்விடும். அப்படிச் சூடு பட்ட போல்ட்டைத் திரும்பப் போடக்கூடாது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற எண்ணில்லாத போல்ட்டையும் போடக்கூடாது.

முன் சஸ்பென்ஷனில் சுருள் வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண் ஒன்று நிற்கும். மெக்ஃபர்சன் என்ற அமெரிக்க என்ஜினியரின் யோசனை அது. 1950ல் பிரிட்டிஷ் ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் வந்தது, இன்றைக்குச் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. அதன் உச்சியில் நடுவில் ஒரு நட்டு இருக்கும். அது கழல மறுக்காது, எளிதாகவே கழலும். அதனால்தான் ஆபத்து. வில்லை அமுக்கிப் பிடிக்கிற கருவி போடாமல் அதை எடுத்தால் அமுங்கியிருந்த வில் துப்பாக்கி மாதிரிப் புறப்படும். வீட்டில் அதைத் தொடாதீர்கள். பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

பூட்டுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. புது போல்ட்டின் வழவழப்பான தண்டில் செப்புக் கலந்த கிரீஸ் பூசினால் அடுத்த பத்து வருஷம் கழித்து இன்னொருவன் உங்களைத் திட்ட மாட்டான். கூம்பில் மட்டும் கிரீஸ் கூடாது, அது துடைத்துக் காய்ந்து இருக்க வேண்டும். புஷ் போல்ட்டை, வண்டி தூக்கி நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பட்டு வண்டியின் கனம் அதன் மேல் வந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கின நிலையில் ஓடி ஒரே வருஷத்தில் கிழியும். அந்த வருஷம் வலது பக்கத்துக்கு நான் இதைச் செய்ய மறந்து, பதினான்கு மாதத்தில் திரும்பவும் புஷ் மாற்றினேன். டை ராட் எண்டைக் கழற்றி மாற்றினால் எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணி எழுதி வையுங்கள், அத்தனை சுற்றே திரும்ப ஏற்றுங்கள். பிறகும் வீல் அலைன்மென்ட் பார்த்தே ஆக வேண்டும்.

வலது பக்கம் செய்த ஞாயிறன்று மகன் படியிலிருந்து இறங்கி வந்தான். வந்து முதல் வேலையாகக் கட்டைகளை ஒவ்வொன்றாகக் காலால் உதைத்துப் பார்த்தான். பிறகு, "டயர் எங்கே?" என்றான். அடியில் கிடந்ததைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனர் பெட்டியைத் திறந்தான். அன்றைக்கு வலது பக்க போல்ட்டு அறுக்காமலேயே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணெய் விட்டிருந்தேன்.

அந்த வண்டியை 2015ல் விற்றுவிட்டேன். மகன் இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறான், அவன் காரை அவன் பட்டறையில்தான் விடுகிறான். அவனிடம் இந்தப் பேச்சைப் பற்றிச் சொன்னபோது, "அண்ணாச்சி சொன்னதை விட்டுடாதீங்க" என்றான். விடவில்லை.

இடது பக்கம் அறுத்து எடுத்த போல்ட்டின் நடுத்துண்டு, எஃகுக் குழாயோடு ஒட்டினபடியே, இதோ மேசையில் இருக்கிறது. பதினேழு வருஷம் என் மேசை டிராயரில் கிடந்து, ஓய்வு பெற்ற அன்று என்னோடு வீட்டுக்கு வந்தது. டீ இடைவேளையில் வந்து பாருங்கள். வைஸில் மாட்டி அதைக் கழற்ற யாராவது முயற்சி செய்வதானால் ஒர்க்ஷாப் சாவி பொறுப்பாளரிடம் இருக்கிறது என்று செயலாளர் சொன்னார். எனக்கு ஆட்சேபணை இல்லை.